பறக்குமுன் அகற்றவும்

என் தோள்பையின் ஜிப்பில் விரற்கடை அகலமுள்ள ஒரு சிவப்புத் துணிப்பட்டை பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. 'பறக்குமுன் அகற்றவும்' என்று அதில் ஆங்கிலத்தில் வெள்ளை நூலால் தைத்திருக்கும். போர் விமானம் தரையில் நிற்கும்போது அதன் நுட்பமான திறப்புகளை மூடிவைக்கும் உறைகளிலும், ஆயுதமோ விமானியை வெளியே வீசும் இருக்கையோ தவறுதலாக இயங்கிவிடாதபடி செருகிவைக்கும் ஊசிகளிலும் இத்தகைய பட்டையைக் கட்டியிருப்பார்கள் என்பதால், என்னைப் போன்ற விமானக் கிறுக்கர்களுக்கு அது சமயச் சின்னம் போல ஆகிவிட்டது. (நம் செய்தித்தாள்கள் திட்டித் தீர்க்கும் 'சிவப்பு நாடா' வேறு.) என்னுடையது இணையத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது.

2024 அக்டோபரில், ஆயுத பூஜை கழிந்து ஒரு வாரம் இருக்கும், அலுவலக வேலையாகக் கோயம்புத்தூர் செல்வதற்காக மீனம்பாக்கம் உள்நாட்டு முனையத்தில் காத்திருந்தேன். எங்களை ஏற்றிச்செல்ல வேண்டிய விமானம் வந்து சேரவே இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அறிவித்துவிட்டார்கள். எதிர் வரிசையில் அமர்ந்திருந்த முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவரின் முதுகுப்பையிலும் அதே சிவப்புப் பட்டை தொங்கியது. நம்மவர் ஒருவர் அகப்பட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சியில், "தம்பி, உங்களுக்கும் இந்தக் கிறுக்கு உண்டா?" என்று நானே பேச்சுக் கொடுத்தேன்.

அவர் என் பையிலிருந்த பட்டையை இரு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது எப்ப வேணாலும் கழண்டு விழும் சார்" என்று சொல்லிவிட்டு, என் அனுமதியைக் கேட்காமலேயே முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகுதான் பதில் சொன்னார்: "எனக்கு இதுதான் வேலை."

அவர் விமானப்படையில் தேஜஸ் போர் விமானங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர், கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பம்மலில் தங்கையின் வளைகாப்புக்காக விடுப்பில் வந்தவருக்கு ரயிலில் இடம் கிடைக்காததால் விமானத்தில் போகும்படி ஆகியிருந்தது. அப்படியானால் அவருடைய பட்டை அசலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆவலுடன் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அசலை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா அங்க விமானம் பறக்காதே சார். இதுவும் ஆன்லைன்ல வாங்கினதுதான், நூத்தியிருபது." நான் முப்பது ரூபாய் ஏமாந்திருந்தேன்.

அவர் சொன்னதில் மிகை ஏதுமில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வோர் உறைக்கும் கணக்கு உண்டு. விமானம் கிளம்புமுன் தரைப் பணியாளர் அவற்றைக் கழற்றி, கழற்றியதை விமானி கண்ணால் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். கருவிப் பெட்டிக்கும் அதே கதிதான்: ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய ஒரு பள்ளம் இருக்கும், வேலை முடிந்து மூடும்போது ஏதேனும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும் வரை அந்த விமானம் நகராது. நம் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடும் கதையை நினைத்துக்கொண்டேன்.

இங்கே என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பழவந்தாங்கலில் பிறந்து வளர்ந்தவன் நான். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து ஆலந்தூர் மேலாக வந்து இறங்கும் என்பதும், வடகிழக்குப் பருவம் தொடங்கினால் திசை மாறி மேற்கிலிருந்து வரும் என்பதும் பள்ளிப் பாடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். பரங்கிமலைப் படிகளில் அமர்ந்து விமானங்களின் பதிவெண்களைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. இப்போது பதினோராவது குறிப்பேடு நடக்கிறது. மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்கள்தாம் மிகுதி. கடலோரக் காவல்படையின் டார்னியர்கள் அங்கிருந்து கிளம்புவதைக் காணலாம். போர் விமானம் அங்கே இறங்குவது குறிஞ்சிப்பூ. அதனால் விமானப்படைப் பசிக்குத் தாம்பரம் பக்கம் போவேன். விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி அங்கே இருப்பதால் கிரண் விமானங்கள் வட்டமிடுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஒருமுறை, சீருடை அணிந்த ஒருவர் என் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்டாரா, உண்மையாகவே புரியாமல் கேட்டாரா என்று தெரியவில்லை. என்னிடம் பதிலும் இருக்கவில்லை.

2016 ஜூலை 22 அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 போக்குவரத்து விமானம் வங்கக் கடலின் மேல் காணாமற்போனது. அதன் எண் கே 2743 என்று செய்தியில் வந்தபோது, மனத்தில் ஏதோ உறுத்த, பழைய குறிப்பேடுகளை எடுத்துத் தேடினேன். எட்டாவதில் இருந்தது. தேதி, நேரம், எண் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'மேகமூட்டம், படம் தெளிவில்லை' என்று என் கையெழுத்தில் ஒரு குறிப்பு. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களைக் கொண்டு, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் சிதைவுகள் அந்த விமானத்தினுடையவை என்று அறிவித்தார்கள். அந்தக் குறிப்பை எழுதிய நாளில் படம் தெளிவாக வரவில்லையே என்பதுதான் எனக்கிருந்த ஒரே வருத்தம். உள்ளே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எட்டுக் குறிப்பேடுகளில் ஒரு முறைகூட எனக்கு வந்ததில்லை.

மீனம்பாக்கத்துக்குத் திரும்புவோம். விமானப் பிரியன் ஒருவன் போர் விமானப் பணியாளரைக் கண்டால் என்னென்ன கேட்பானோ அத்தனையையும் நான் கேட்டேன்: வேகம், ரேடார், ஏவுகணை. அவர் முகம் சுளிக்காமல், "அதை நான் சொல்லக்கூடாது சார்" என்று மூன்று முறையும் ஒரே குரலில் சொன்னார். வெட்கமாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த செய்திகளைப் பற்றிக்கூட அவர் வாய் திறக்கவில்லை. தேஜஸின் அமெரிக்க எஃப்404 இயந்திரத்தைப் பற்றி நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஆசிரியரைப் போலத் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சை மாற்றுவதற்காக, ஆயுத பூஜையை எப்படிக் கொண்டாடினீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

கருவிப் பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்களாம். விமானத்துக்கு மாலை கிடையாதாம். உதிர்ந்த ஓர் இதழோ, நாரில் கோத்த ஒரு சரமோ காற்றை உறிஞ்சும் வாய்க்குள் போய்விட்டால் என்ன ஆவது? ஓடுபாதையில் கிடக்கும் எந்த அந்நியப் பொருளையும் அவர்கள் ஆங்கில எழுத்துச் சுருக்கமாக 'ஃபாட்' என்கிறார்கள். காலையில் பறப்பு தொடங்குமுன் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, குனிந்த தலை நிமிராமல், விமானம் உருளும் தளம் முழுவதையும் நடந்து பொறுக்குவார்களாம். கூழாங்கல், திருகாணி, கம்பித் துண்டு, பறவையின் எலும்பு. "நெல்லுல கல்லு பொறுக்குற மாதிரிதான் சார்." 2019 அக்டோபர் 8 அன்று பிரான்சில் நம் நாட்டுக்கான முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்டபோது அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த படத்தை நான் நினைவூட்டினேன். சிறிது யோசித்துவிட்டு, "உருட்டினப்புறம் எண்ணி எடுத்திருப்பாங்க" என்றார். வேடிக்கைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர்களிடம் 'படிவம் 700' என்றொரு பதிவேடு இருக்கிறது. விமானத்தில் யார் எதைச் சோதித்தார், எதை மாற்றினார் என்பதையெல்லாம் எழுதி, செய்தவர் கையெழுத்திட வேண்டும். அதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக விமானி கையெழுத்திட்ட பிறகே விமானம் அவர் பொறுப்புக்குப் போகும். பட்டயப் படிப்பு முடித்துவிட்டு விமானப்படையில் சேர்ந்த அந்த இளைஞர், முதன்முதலில் அதில் தம் பெயரை எழுதிய நாளில் இரவு முழுவதும் தூங்கவில்லை என்றார். சக்கரம் மாற்றும் வேலைதான். மேலதிகாரி இருமுறை சரிபார்த்திருந்தார். அப்படியிருந்தும், விமானம் திரும்பி இறங்கும் வரை அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குறிப்பேடு எழுதுகிறேன். எதை எழுதினாலும் எனக்கு ஒரு நாள் தூக்கம் கெட்டதில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "மெரினா ஷோ பாத்தீங்களா சார்? எப்படி இருந்துச்சு?"

அக்டோபர் 6 அன்று, விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் 72 விமானங்கள் பறந்தன. பதினைந்து லட்சம் பேர் திரண்டதாகச் சொன்னார்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், குடை, இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி ஆகியவற்றுடன் காலை எட்டு மணிக்கே இடம்பிடித்தவன் நான். காலை பதினொன்று முதல் பகல் ஒன்று வரை, நேரே தலைக்கு மேல் நின்ற வெயிலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைய வெப்பமும் நெரிசலும் ஐந்து பேரின் உயிரைக் கொண்டுபோயின. ரயிலில் ஏற முடியாமல் மயிலாப்பூர் வரை நடந்தே போன நான், அந்தச் செய்தியை மாலையில் வீட்டில்தான் அறிந்தேன். அந்த நாளைப் பற்றிப் பெருமிதமாக மட்டும் என்னால் பேச முடிவதில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலை குனிந்து, "ஆமா சார், கேள்விப்பட்டோம்" என்றார்.

ஆனால் அவர் காட்சியைப் பார்க்கவே இல்லை. அன்று அவர் எந்தத் தளத்தில் நின்றார் என்பதை நான் எழுதப்போவதில்லை. விமானத்தை அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும் வரை வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுப் பணியில் தாம் பராமரிக்கும் விமானம் மக்கள் முன் சாகசம் செய்வதை ஒரு முறைகூட அவர் நேரில் கண்டதில்லை. எப்போதும் புறப்பாடும் வருகையும்தான். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கும் தாயைப் போல என்று நான் சொன்னேன். "அம்மாவாச்சும் டிவில பாப்பாங்க" என்றார்.

என் கைப்பேசியில் அன்றைய காணொளிகள் இருந்தன. தேஜஸ் கடலுக்கு மேல் செங்குத்தாக ஏறித் திரும்பும் நாற்பது விநாடிக் காட்சியை எடுத்துக் கொடுத்தேன். என் கை நடுக்கமும், பின்னால் ஒரு குழந்தை "அப்பா, அப்பா" என்று கத்துவதும் அதில் பதிவாகியிருந்தன. அவர் முதல்முறை பார்க்கும்போது படத்தை நிறுத்தி, இரு விரலால் பெரிதாக்கி, விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இருக்கும் சிறு கதவுகளைப் பார்த்தார். எல்லாம் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்க்கிறார் என்பது எனக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டாம் முறை வால் எண்ணைத் தேடினார். அது மங்கலாக இருந்தது. நான் என் குறிப்பேட்டைத் திறந்து, அன்று தொலைநோக்கியில் படித்து எழுதிய எண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை வேறு எதையும் தேடாமல் முழுவதையும் பார்த்தார். குழந்தை கத்திய இடத்தில் மட்டும் ஒலியைக் கூட்டி வைத்தார்.

குறிப்பேடு எதற்கு என்று தாம்பரத்தில் கேட்டவருக்கு அன்று ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரு எலகங்காவில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சிக்குப் போயிருந்தேன். விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் விமானி ஒருவரிடம் கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன், கிடைத்தது, சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். அதே நாளில், விமானம் ஒன்றின் கண்ணாடி மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், படத்தில் விழாதபடி கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கேட்டேன். அவரும் நின்றார். இதை அந்த இளைஞரிடம் சொல்லவா வேண்டாமா என்று தயங்கிச் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தளத்துக்கு வரும்போது முதல் கேள்வியே "நீங்க பைலட்டா?" என்பதுதானாம், இல்லையென்றால் அடுத்த ஆளிடம் ஓடிவிடுவார்களாம். "நானும் சின்ன வயசுல அப்படித்தான் சார் ஓடியிருப்பேன்."

போர் விமானங்களைப் பயணச்சீட்டுச் செலவில் பார்க்க நம் நாட்டில் வழியில்லாமல் இல்லை. புனேவில் சுகோய்களும் கோவாவின் டபோலிமில் கடற்படையின் மிக்-29கே விமானங்களும் பயணிகள் விமானங்களோடு ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. சன்னலோர இருக்கைக்காகவே புனே வழியாகச் சுற்றிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கெல்லாம் படம் எடுக்கக்கூடாது. 2025 மே மாதத்தில், இத்தகைய சில தளங்களில் ஏறி இறங்கும்போது சன்னல் திரையையும் மூடிவைக்கச் சொன்னார்கள். அது நியாயம்தான்; எனக்குப் புகார் ஏதுமில்லை.

அந்தச் சந்திப்பைப் பிறகு இரண்டு முறை நினைத்துக்கொண்டேன். முதல் முறை 2025 ஜூனில். பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப்-35பி போர் விமானம் ஒன்று 14ஆம் தேதி இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி, ஹைட்ராலிக் கோளாற்றால் அங்கேயே மாட்டிக்கொண்டது. மழையில் நனைந்துகொண்டு நின்ற அதை வைத்துக் கேரளச் சுற்றுலாத் துறையே கிண்டல் விளம்பரம் போட்டது. எங்கள் நண்பர் வட்டத்தில் அந்த ஐந்து வாரங்களும் வேறு பேச்சில்லை. ஒற்றை விமானி கொண்டுவந்து இறக்கிய அதை மீண்டும் பறக்கவைக்க, ஜூலை 6 அன்று ஏ400எம் என்ற பெரிய போக்குவரத்து விமானத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு பொறியாளர் குழுவே வந்திறங்க வேண்டியிருந்தது. ஜூலை 22 அன்று அது ஆஸ்திரேலியாவின் டார்வின் நோக்கிக் கிளம்பியபோது தொலைக்காட்சிகள் விமானத்தையே காட்டின. ஓரத்தில் காதுறை அணிந்து நின்றிருக்கக்கூடியவர்களைத் தேடி நான் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இரண்டாம் முறை அதே ஆண்டு நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியில், அல் மக்தூம் விமான நிலையத்தில், கூடியிருந்த மக்களின் கண்ணெதிரே ஒரு தேஜஸ் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் உடலைச் சூலூருக்குக் கொண்டுவந்தார்கள் என்று படித்தபோது, அந்த இளைஞரை அழைத்துப் பேச வேண்டும் போலிருந்தது. அவருடைய எண் என்னிடம் இல்லை. அன்று கேட்டபோது, "வேண்டாம் சார், இங்க பேசினது நல்லா இருந்துச்சு, அது போதும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் படிவத்தில் தம் பெயரை எழுதுகிறவர்கள் அன்றிரவு எப்படியிருந்திருப்பார்கள் என்று நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அன்று என் குறிப்பேட்டில் எண் எதையும் எழுதவில்லை, பெயரை எழுதினேன்.

அன்றைய கோவைப் பயணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். விமானம் ஒருவழியாக வந்தது. தற்செயலாக நடைபாதைக்கு அந்தப் பக்கம் என் வரிசையிலேயே அவருக்கு இடம். எனக்குச் சன்னலோரம் என்பதால், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பார்க்க ஒன்றுமில்லை, தூங்கப் போகிறேன் என்றார். சொன்னபடியே, விமானம் நகரத் தொடங்குமுன் தூங்கிவிட்டார். பக்கத்து இருக்கைக் குழந்தை அழுததும், பணிப்பெண் தண்ணீருடன் வந்ததும் அவருக்குத் தெரியாது. கோவையில் குறுக்குக் காற்று இருந்ததால் இறங்கும்போது விமானம் சற்று ஆடியது. சக்கரங்கள் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண் மூடியபடியேதான் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இடது பக்கம் முதல்ல."